நடக்காத ஆட்டத்தில் தோற்றவன்

அன்புள்ள மச்சான்,

உங்கள் காலேஜ் நம் லீக்கை விட்டுவிட்டு நாட்டின் மறுகோடிக் காலேஜ்களோடு போய்ச் சேர்ந்ததற்கு உன்னைத் திட்டி என்ன பயன்? டிவிக்காரன் பணத்தைக் காட்டிக் கூப்பிட்டான், போய்விட்டார்கள். இனி நவம்பரில் நம் இரண்டு காலேஜுக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் கிடையாது.

போன சனிக்கிழமை, வழக்கமாக ஆட்டம் நடக்கிற அதே நாள், ஸ்டேடியம் பார்க்கிங்கில் நம் இடத்தில் வண்டியை நிறுத்தி, ஆட்டத்துக்கு முன் நாம் செய்வதுபோலவே அடுப்பைப் பற்றவைத்து நாலு சாசேஜ் சுட்டேன். காவலாளி வந்தான்.

"பெரியவரே, இன்னைக்கு ஆட்டமே இல்லையே?"

"தெரியும்ப்பா. நீ ரெண்டு சாப்பிடு."

தோற்றவன் ஜெயித்தவனின் காலேஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு உட்கார வேண்டும் என்பது உன் அக்கா போட்ட சட்டம். அவள் கண்ணை மூடிய பிறகும் மூன்று வருஷம் நீ மலையைத் தாண்டி வந்தாய். ஆட்டத்துக்காகத்தான் வருகிறேன் என்பாய். நானும் ஆமாம் என்பேன்.

இந்த வருஷம் யாரும் தோற்கவில்லை. நீ வரக் காரணமும் இல்லை. அதனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: நான் தோற்றுவிட்டேன். இருபத்தொன்றுக்குப் பதினேழு. ரொம்ப இளிக்காதே.

தேங்க்ஸ்கிவிங்குக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு வா. தபாலில் அனுப்பினால் போட மாட்டேன்.

இன்றும்,
உன் அக்கா புருஷன்