தர்மாஸ்பத்திரி பெஞ்சில் என் மாமனார்

மாமா,

இன்று காலை சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்காக வரிசையில் நின்றிருந்தேன். உள்ளே யாருக்கோ ஊசி போட்டிருக்கிறார்கள், ஸ்பிரிட் வாடை வெளியே வரைக்கும் வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், கையில் கல் மோதிரம், தோளில் சலவைத் துண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மகளிடம் சொன்னார்: "இங்கெல்லாம் நமக்கு இன்னாத்துக்குமா? டப்பு குடுத்துப் பாத்துக்கலாம் வா." அந்தப் பெண் அசையவில்லை. சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பி முறைத்தார். அந்த முறைப்புகூட உங்களுடையது மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்லிவிடுகிறேன். நீங்கள் கள்ளைத் தொட்டதில்லை. சீட்டாடியதில்லை. நிலவரிக் கிஸ்தியைக் கெடு தாண்டிக் கட்டியதில்லை. நான் புது மருமகளாக வந்தபோது எனக்கு வேர்க்கடலை பிடிக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கும்மிடிப்பூண்டி சந்தையிலிருந்து கூடை நிறைய வாங்கி வந்தீர்கள். நல்ல வார்த்தை அவ்வளவுதான். இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகனுக்கு அந்த அறுபதுகளின் ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது. சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். துண்டில் ரத்தம் பார்த்த அன்று, "நைனாவாண்ட சொல்லாத, பயந்துடுவாரு" என்றார் அவர். நான் சொன்னேன். நீங்கள் சாப்பிட்ட கையோடு எழுந்து வண்டி கட்டச் சொன்னீர்கள். கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் காசநோய் என்றதும் வெளியே வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். மகன்மேல் பாசம் இல்லாதவர் என்று உங்களை நான் என்றைக்கும் சொல்லமாட்டேன். பாசம் இருந்தது. என் ஆத்திரமே அதனால்தான்.

டாக்டர்மேல் எனக்குக் குறை கிடையாது. இடைவிடாமல் ஊசி போட வேண்டும், மாசக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார். நெல் விற்ற கையோடு ஊசி ஆரம்பித்தது. உங்கள் மகனுக்கு முகம் தெளிந்தது. சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெல் பணம் தீர்ந்ததும் ஊசி நின்றது. "இப்போதான் தெளிஞ்சிகினு வர்றானே. அடுத்த அறுப்பு வரட்டும், மறுபடியும் போட்டுக்கலாம்" என்றீர்கள். நம் வீட்டில் எல்லாமே அறுப்புக்கு அறுப்புதான். துணி எடுப்பது, கூரை மாற்றுவது, கல்யாணம், காது குத்து. அந்த வரிசையில் ஊசியையும் சேர்த்துவிட்டீர்கள். நானும் அப்போது விவரம் தெரியாதவள். அறுப்பு வந்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் கன்னியப்பனுக்கும் அதே சீக்கு. நம் வயலில் சேறு மிதித்து வரப்பு வெட்டுகிறவன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தர்மாஸ்பத்திரிக்கு அவன் நடந்தே போனான். காலையில் கம்மங்கூழைக் குடித்துவிட்டு நம் வீட்டு வழியாகத்தான் போவான். நடுவில் ஊசி நின்றதா, மாத்திரை தீர்ந்ததா, எதுவும் இல்லை. அங்கே எல்லாம் ஓசி. அடுத்த நடவுக்கு அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, உங்கள் மகன் உள்ளே பாயில் சுருண்டு படுத்திருந்தார்.

அன்று உங்களுக்குச் சோறு போடும்போது கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா?

"மாமா, இவரையும் கேட்டுக்கு அந்தாண்ட கூட்டிக்கினு போலாமே. கன்னியப்பனுக்கு நல்லாய்டுச்சே."

நீங்கள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டீர்கள். "இன்னாமா பேசறே? அவன் படுத்த கட்டில்ல என் புள்ள போய்ப் படுக்கறதா? ஓசி மருந்து ஒடம்புல ஒட்டாது. அவனவன் ஒடம்புக்கு அவனவன்தான் செலவு பண்ணணும். நாம இன்னா பிச்சக்காரங்களா, சர்க்காரண்ட கையேந்த?"

உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார். "உடு. நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த அறுப்பில் மறுபடி ஊசி போட்டார்கள். சீக்கு மருந்துக்குக் கேட்கவில்லை. அதற்கடுத்த அறுப்புக்கு அவர் இல்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள். "செலவுக்கு நான் கொறை வெக்கல." பொன்னேரியிலிருந்து வந்த உறவுக்காரர்களிடம் சொன்னீர்கள். பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவரும் பெண்ணிடம்கூடச் சொன்னீர்கள். வெள்ளைச் சேலையில் மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் எழுந்து, "ஏன்யா, கேட்டைத் தாண்டினா ஆஸ்பத்திரி இல்லையா?" என்று கேட்கமாட்டார்களா என்று இருந்தது. எல்லோரும் விதி என்றார்கள். அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இந்த மனுஷனை ஒருநாள் அந்தக் கேட்டைத் தாண்ட வைக்காமல் விடமாட்டேன்.

சில வருஷம் போயிற்று. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நீங்களும் நானும்தான். அப்போது உங்களுக்கு இருமல் வந்தது, மாமா. முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அடுப்பை ஊதிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டேன்.

"மாந்தோப்ப வித்துடலாம்மா. கடைத்தெரு டாக்டராண்ட கூட்டிக்கினு போ" என்றீர்கள். சரி மாமா என்றேன். வண்டிக்காரனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். வண்டி கடைத்தெருப் பக்கம் திரும்பாமல் ரயில்வே கேட்டை நோக்கிப் போனபோது நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள். "ஏய், எங்க போறான் இவன்? திருப்பச் சொல்லு! ஊரு பாக்குதுமா!" கேட் மூடியிருந்தது. பட்டணம் போகும் ரயில் வரவேண்டியிருந்தது. சைக்கிள்காரர்கள், தயிர்க்கூடைக்காரிகள் எல்லோரும் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். நான் அந்தத் துண்டை மெதுவாக எடுத்து மடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "மூச்சு முட்டும் மாமா" என்றேன்.

அங்கே நர்ஸம்மா மருந்தை எடுத்தார். ரப்பர் மூடி போட்ட சின்ன பாட்டில். கடைத்தெருவில் பார்த்த அதே பாட்டில், அதே வெள்ளைத் தூள். "இது பணம் குடுத்துப் போடற ஊசியாச்சேம்மா?" என்று கேட்டேன். "ஊசி ஒண்ணுதாம்மா. நடுவுல நிறுத்திடாதீங்க, அப்புறம் மருந்துக்குக் கேக்காது" என்றார். உங்கள் மகனுக்கு நடுவில் நிறுத்திய ஊசியும் இதேதான். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மனசு இளகியிருக்க வேண்டியவள்தான் நான். இறுகித்தான் போனேன்.

ஒரு நாள்கூட உங்களைத் தப்பிக்க விடவில்லை. மழையா, வண்டிமேல் சாக்கைப் போட்டுக் கூட்டிப்போனேன். தலைவலி என்றால் தைலம் தேய்த்துக் கூட்டிப்போனேன். நெல் விற்றதா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கன்னியப்பன் தன் பெண்டாட்டிக்கு மருந்து வாங்க வந்தவன், பெஞ்சு ஓரத்தில் உங்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். "நல்லா சாஞ்சிக் குந்துங்க ஆண்டே. நானும் இதே பெஞ்சுலதான் குந்திகினு இருந்தேன். சரியாப்பூடும், பயப்படாதீங்க." அவன் மனசாரச் சொன்னான். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது. வேண்டுமென்றே உங்களைப் பத்திரமாக அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

நம் ஊர் என்னைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டது. புருஷன் போன பிறகும் மாமனாரை இப்படித் தாங்குகிறாளே என்றார்கள். சிரித்துக்கொண்டேன்.

உங்களுக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று தர்மாஸ்பத்திரி டாக்டர் சொன்ன நாள், மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவர் முன்னால் நீட்டினீர்கள். "எவ்ளோ ஆச்சுங்க?" அவர் சிரித்தார். ஒன்றும் வேண்டாம், நீங்கள் கட்டுகிற வரிதானே ஐயா என்றார். கெடு தவறாமல் கிஸ்தி கட்டிய மனுஷன் நீங்கள். உங்களுக்கு அது புரியாமலா போயிருக்கும்? வண்டியில் ஏறியதும் என்னிடம் திரும்பவும் கேட்டீர்கள். "நெசமாவே ஒண்ணும் ஆவலியா?"

"ஒண்ணும் ஆவல மாமா. அன்னைக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

அத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி நீங்கள் சோறு கேட்கவில்லை. அன்றிலிருந்து யாரிடமும், "செலவுக்கு நான் கொறை வெக்கல" என்று சொல்லவும் இல்லை.

உங்களைச் சாகவிட்டிருந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்திருக்கும். பிழைக்க வைத்தேன். நெடுநாள் இருந்தீர்கள். உங்கள் மகன் முகத்தில் சுருக்கமே நான் பார்த்ததில்லை. நீங்களோ பல் விழுந்து, கண் மங்கி, கோலூன்றி நடமாடினீர்கள். கடைசிக் காலத்தில் கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். "அம்மாடி, அன்னைக்கு நானு..." என்று ஆரம்பிப்பீர்கள். கண் கலங்கியிருக்கும். என்ன சொல்ல வருகிறீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "கஞ்சி ஆறிப்போவுது மாமா, குடிங்க" என்பேன். மறுநாளும் ஆரம்பிப்பீர்கள். மறுநாளும் அதையேதான் சொல்வேன்.

அந்த வார்த்தையைச் சொல்லாமலேதான் போய்ச் சேர்ந்தீர்கள். சொல்லியிருந்தால் நான் மன்னிக்க வேண்டி வந்திருக்கும். இன்றைக்கு எழுந்து வந்து என் கையைப் பிடித்தாலும், மாமா, நான் அதை முடிக்க விடமாட்டேன்.