அத்தை உடனடிக் குடும்பம் இல்லை

மார்ச் 9

பிரிஸ்பேனில் காலையிலிருந்தே மழை. ஸ்டேஷனிலிருந்து வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். எங்கள் அலுவலகத்துக்கு 'எல்லோரையும் அரவணைக்கும் பணியிடம்' என்று ஏதோ விருதாம், கேக் வெட்டினார்கள். மேலாளர் ரோண்டா, "லூசி, நீ நடுவுல வந்து நில்லு!" என்று படத்துக்கு இழுத்தாள். என் பெயர் லுசெயானே. நான்கு வருடமாகியும் ஒருவர் நாக்கிலும் அது ஏறவில்லை. கேக் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 13

அலுவலகத்தில் கொண்டாடும் நல்லிணக்க நாளுக்கு நான் எங்கள் டோங்கா நடனம் ஆட வேண்டுமாம். "உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கிட்டு ஆடுவீங்களே, அது!" என்கிறாள் ரோண்டா. தண்ணீர்க் குழாய்க்கு வரைபடம் போட வந்தவள் நான். தலையாட்டிவிட்டேன். விசா இவர்கள் தயவில் நிற்கிறது.

மார்ச் 14

இலைசானே அத்தை போய்விட்டாள்.

டோங்காவிலிருந்து தம்பி சாயா போனில் அழுதான். "வெள்ளிக்கிழமை அடக்கம்க்கா. வந்துடுவேல்ல?"

வந்துவிடுவேன் என்றேன். யோசிக்கவே இல்லை.

மார்ச் 15

லீவு இல்லை.

துக்க விடுப்பு பெற்றோர், கணவன், பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டிக்கு மட்டுமாம். என் சொந்த லீவைக் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்தை மூடினார்களே, அதிலேயே கழித்துவிட்டார்களாம். சம்பளம் வேண்டாம், போய்வருகிறேன் என்றால், இந்த வாரம் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டுமாம், முடியாதாம்.

ரோண்டா கெட்டவள் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னாள். "அத்தைதானேம்மா? உடனடிக் குடும்பத்துல வரலையே. அம்மாவா இருந்தா நானே டிக்கெட் போட்டுக் குடுத்திருப்பேன்."

அத்தைதானே! அவ இருக்கற ரூம்ல எங்கப்பா மரியாதைக்குக் காலே வைக்க மாட்டார். அவ ஒண்ணு சொன்னா மறுபேச்சு கிடையாது. எனக்குப் பேர் வெச்சவளே அவதான். அப்பாவுக்கும் மேலே அவ, இதை எத்தனை தரம் சொல்றது? சொன்னேன். "ஓ, ரொம்ப சுவாரசியமா இருக்கே!" என்றாள்.

சொல்லாமல் கிளம்பிவிடலாமா? போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், என் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும். விருதாம், அரவணைப்பாம். ஏட்டுச் சுரைக்காய்.

மார்ச் 17

அடக்கம். சாயா போனில் காட்டினான். அவளுடைய அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரும் பின்பக்கம் அடுப்புப் புகையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்குக் கீழானவர்கள் நாங்கள், அதுதான் எங்கள் இடம். "நீ எங்கன்னு கேக்கறாங்க, என்னக்கா சொல்ல?"

நான் வரைபடத்தில் ஒரு வால்வைச் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21

நல்லிணக்க நாள். கறுப்பு உடையில் போனேன். இடுப்பைச் சுற்றிப் பெரிய கிழிந்த துக்கப் பாய். இறந்தவருக்கு நாம் எவ்வளவு கீழோ, பாய் அவ்வளவு பெரிது, அவ்வளவு கிழிசல். முடியையும் நானே கத்தரித்துக்கொண்டேன். ஆட மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் சுற்றி நின்று படமெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அச்சு அசலா இருக்கு லூசி! இன்னைக்கு எல்லாருக்கும் ஆரஞ்சு, ஒரு ரிப்பன் மட்டும் குத்திக்கோ." ரோண்டாவே குத்திவிட்டாள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

கணக்குப் பிரிவு வசேவா, ஃபிஜிக்காரி, பாயைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"போனது யாருடி?"

"அத்தை."

என் ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சிறந்த தேசிய உடைக்கான முதல் பரிசு எனக்குத்தான்.

மார்ச் 22

அது துக்க உடை என்று வசேவா போட்டு உடைத்துவிட்டாள். ரோண்டா என் மேசைக்கு வந்து விசும்பி விசும்பி அழுதாள். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி... துக்கம் எனக்கு, தேற்றுவதும் நானா?

ஏப்ரல் 6

இன்றும் அதே பாய். இப்போது யாரும் படமெடுப்பதில்லை. லிஃப்டில் ஒதுங்கி நிற்கிறார்கள்.

மே 30

கூட்டத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஜூலையிலிருந்து துக்க விடுப்பில் அத்தையும் சேர்த்தியாம். ரோண்டா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "உனக்காகத்தான் சண்டை போட்டு வாங்கினேன் லுசெயானே. இனிமே உன் அத்தைங்க யாருக்கு என்ன ஆனாலும் நீ தாராளமா போகலாம்."

பெயரைச் சரியாகச் சொன்னாள். நன்றி என்றேன்.

அப்பாவுடன் பிறந்த பெண் அவள் ஒருத்திதான்.