மோதிர விரலும் சுண்டு விரலும்

ஜூன் 2, 1979, சனி

காலையிலிருந்தே அனல். பேஸ் கிடாருக்குப் புதுத் தந்தி மாட்டியாயிற்று. மாலை ஆறுக்கு ஃபாக்டரி கிளப்பில் நிகழ்ச்சி. தங்கை வசந்தி முதல் தடவை மேடையில் பாடுகிறாள். டிரம்ஸ் வாசிக்கும் அன்வர், எங்கள் ஃபாக்டரியிலேயே லேத் செக்‌ஷன், ஒத்திகையில் மறுபடி அதே பேச்சு. "ஜாஸ்தி நக்கோ ரே." அதிகம் வேண்டாமாம், பாட்டுக்கு அடியில் தாளத்தோடு நடக்க வேண்டுமாம், ஓடக் கூடாதாம். என் விரல் வேகம் இந்த ஊரில் எவனுக்கு வரும்?

ஜூன் 3, ஞாயிறு

இடது கையில் மாவுக்கட்டு. எழுதுவது வலது கை, அதுவரை சரி.

நடந்தது இது. வசந்தி இரண்டாம் சரணத்துக்கு வந்தாள். நிதானமான மெட்டு. மூன்று மாதம் பழகிய வேக வாசிப்பை அங்கே அவிழ்த்துவிட்டேன். முன்வரிசையில் விசில். இன்னும் வேகம். அவளுக்குப் பாட்டை எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு தடவை தொடங்கினாள், இரண்டும் தப்பு. கூட்டம் சிரித்தது. மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

மேடைக்குப் பின்னால் அன்வர். "கைக்கு ஐசா கரா ரே?" ஏன் இப்படிச் செய்தாய், அவள் அழுகிறாள் என்றான். பாடத் தெரிந்திருந்தால் பாடியிருப்பாள் என்று சிரித்தேன். என் இடது கை ஸ்பீக்கர் பெட்டிமேல் இருந்தது. டிரம்ஸ் தட்டு மாட்டும் சிம்பல் ஸ்டாண்டை அன்வர் தூக்கினான், அதன் இரும்புக் கால் என் கைமேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மோதிர விரல், சுண்டு விரல். நெற்றியால் அவன் மூக்கை உடைத்தேன். இரண்டு பேர் சட்டையிலும் அவன் ரத்தம்.

ஜூன் 6, புதன்

மெடிக்கல் லீவு. வலி. வசந்தி சாப்பாடு வைக்கிறாள்.

அம்மா: "அவன் மேல போலீஸ்ல எழுதிக் குடு."

வசந்தி: "குடுக்கட்டும். நான் அன்வர் பக்கம் சாட்சி சொல்றேன்."

தட்டை வீசினேன். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. சுவரெல்லாம் ரசம். அவள் நகரவே இல்லை.

"அண்ணா, நான் பாடறது ஒரு தடவையாவது உன் காதுல விழுந்திருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட நினைவில்லை.

ஜூன் 10, ஞாயிறு

முதல் மழை. பையில் ஸ்பானருடன் அன்வர் வீட்டு ஷெட்டுக்கு. மண்டையை உடைப்பதென்றே போனேன். உள்ளே ஒத்திகை. என் இடத்தில் ஜோசப், நாலு சுரத்துக்கு மேல் தெரியாதவன். அந்த நாலையே இடைவெளி விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். இடைவெளியில் வசந்தி பாடினாள். நனைந்தபடி முழுப் பாட்டும் கேட்டேன். நன்றாகப் பாடுகிறாள். அதுதான் பொறுக்கவில்லை. உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரை ஸ்பானரால் அடித்து நொறுக்கினேன். என்னுடையதுதான். அன்வர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவன் மூக்கில் பிளாஸ்திரி. குத்த ஓங்கினான், குத்தவில்லை. வசந்தி ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜூலை 15, ஞாயிறு

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். மோதிர விரல் மடங்கவில்லை, சுண்டு விரல் பாதி. டாக்டர்: "இவ்வளவுதான்."

காலையில் கிடாரை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். சமையலறையில் வசந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டு பாடினாள். மிச்சமிருக்கும் இரண்டு விரலால் அவளுக்கு அடியில் ஒவ்வொரு சுரமாக வாசித்தேன். எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு சொன்னாள்.

"அன்வர் நாளைக்கு அஞ்சரைக்கு ஷெட்டுக்கு வரச் சொன்னான்."

"அடிக்கவா, வாசிக்கவா?"

"சொல்லல. கிடார எடுத்துட்டுப் போ."