மண்ணு துன்ன பனியன்

கார்வேட்டிநகரம்
11-6-2024

கர்த்தருக்குப் பிரியமான எர்னஸ்ட் மாமாவுக்கு (எனக்குப் பிரியமா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்) தபீதாள் எழுதறது.

ஊர் உலகத்துல புருசன் பொண்டாட்டிக்கு மல்லிப்பூ அனுப்புவான். நீ ஒரு மூட்டை உருளைக்கிழங்குத் தோலை பஸ்ல போட்டு அனுப்பியிருக்கே. கண்டக்டர் சின்னசாமி அண்ணன் மூக்கைப் பொத்திக்கினு எறக்கி வெச்சிட்டு, "இன்னாம்மா, சத்தியவேட்டுலேர்ந்து வர்ற சீரா இது?"ன்னு கேக்கறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. பஸ்ஸு திரும்பற வரைக்கும் அடக்கிக்கினேன். சிரிச்சேன்னு உன்கிட்ட சொல்லிடுவாரு இல்ல.

அம்மா நிலத்துக்கு மக்குக் குப்பை தேடுறான்னு பிளெஸ்ஸிதானே சொன்னா? உன் பொண்ணு வாயில ஒரு சேதியும் ஒரு பொழுது தங்காது.

போன் பண்ணாம ஏன் எழுதறேன்னு கேப்பே. ரெண்டு வருசம் முன்னாடி பாஸ்டர் ஐயா எதிர்ல நான் இன்னா சொன்னேன்? "இனிமே இந்தாளு குரல் என் காதுல விழக்கூடாது"ன்னேன். பின்ன? பிளெஸ்ஸி பிரசவத்துக்குச் சித்தூர் போய் ஒரு மாசம் இருந்துட்டு வர்றதுக்குள்ள, எங்கம்மா எனக்குக் குடுத்த முப்பது சென்ட்டையும் ரெண்டடி ஆழத்துக்கு வழிச்சி, மேல்மண்ணை செங்கல் சூளைக்கு வித்துட்டு, ஒரு பழைய ஆட்டோவை வாங்கி நிறுத்தியிருந்தே. அந்த ஆட்டோ ஆறு மாசம் கூட ஓடலை.

சொன்ன வார்த்தை சொன்னதுதான். ஆனா குரலைத்தான் சொன்னேன், எழுத்தைப் பத்தி ஒன்னும் சொல்லலை. மிஷன் பள்ளிக்கூடத்துல நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சது இப்பத்தான் உதவுது.

எங்க மகளிர் சங்கத்துக்கு ஹரிதான்னு ஒரு பொண்ணு வருது. மருந்து அடிக்காம பயிர் வெக்கச் சொல்லிக்குடுக்குது. அது தெலுங்குல சொல்லும், நான் தமிழ்ல சண்டை போடுவேன், ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியும். நம்ப மண்ணை பாட்டில்ல போட்டு, தண்ணி ஊத்திக் குலுக்கி, ஒரு நாள் வெச்சோம். கீழ சரளை, மேல கலங்கல் தண்ணி. நல்ல மண்ணுன்னா மக்கின இலைதழை மிதக்குமாம். இதுல ஒரு துரும்பு மிதக்கலை. "உயிர் இல்ல அக்கா"ன்னுது. "இதை வித்தவன் மண்டையைக் குலுக்கினாலும் இப்படித்தான் இருக்கும்"னேன்.

இன்னொரு சோதனையும் சொல்லுச்சி. பருத்தித் துணி ஒன்னைப் புதைச்சி ரெண்டு மாசம் கழிச்சித் தோண்டணும். உயிருள்ள மண்ணா இருந்தா துணியைத் துன்னுடும். நீ விட்டுட்டுப் போன பனியனைப் புதைச்சிருக்கேன். என்னிக்கு இந்த மண்ணு உன் பனியனைத் துன்னுதோ, அன்னிக்கு உன்னைச் சேத்துக்கறதைப் பத்தி யோசிக்கறேன்.

தோலு இன்னும் அனுப்பு.

இப்படிக்கு,
காது ரெண்டும் நிம்மதியா இருக்கும்
தபீதாள்


சத்தியவேடு
20-6-2024

அன்புள்ள தபீதாவுக்கு,

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். திட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஒன்னும் கொறையலை.

இங்க கம்பெனி கேன்டீன்ல தினம் எண்ணூறு பேருக்குச் சமையல். எனக்குக் காய் நறுக்கற வேலை. தோலு, முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் தனித்தனியா எடுத்து வெக்கறேன். பிளாஸ்டிக் ஸ்பூன் கலந்துடுது, கையை விட்டுப் பொறுக்கறேன். சூப்பர்வைசர் சுரேஷ்பாபு, "ஏமய்யா, குப்பைக்கு வாட்ச்மேனா நீ?"ன்னு சிரிக்கறாரு. சிரிக்கட்டும்.

இந்தத் தடவை மிச்ச சாம்பாரும் ஒரு டின் அனுப்பறேன். பருப்பு போட்டது, மண்ணுக்குச் சத்து.

ஒன்னு கேக்கறேன், கோவப்படாதே. வடக்கு மூலையில கறிவேப்பிலை மரம் நல்லா இருக்கா?

அந்தப் பனியன் ஒன்னுதான் கிழியாம இருந்துச்சி. பரவால்லை.

எர்னஸ்ட்


கார்வேட்டிநகரம்
2-9-2024

சாம்பார் அனுப்பின மகராசாவுக்கு,

உன் சாம்பாரைக் குப்பைக்குழியில ஊத்தினேன். மறுநாள் தெருநாய் அத்தனையும் பந்தி போட்டு உக்காந்திருக்கு. ஹரிதா தலையில கைய வெச்சிக்கினு, உப்பும் எண்ணெயும் மண்ணுக்கு ஆகவே ஆகாதுன்னுது. இனிமே பச்சைக் குப்பை மட்டும் அனுப்பு. சமைச்சதை நீயே துன்னு. நீ இளைச்சிட்டேன்னு பிளெஸ்ஸி சொன்னா.

பனியனைத் தோண்டினேன் மாமா. போட்டது போட்டபடி இருக்கு. ஒரு ஓட்டை இல்லை. துவைச்சி நீலம் போட்டேன், கல்யாணத்துக்கே போட்டுக்கினு போலாம். மண்ணு உன்னை மோந்து கூடப் பாக்கலை.

ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். இதை எழுதக்கூடாதுன்னு இருந்தேன், பேனா எழுதிடுச்சி.

கறிவேப்பிலை மரம் இருக்குது. சுத்தி எல்லாம் குழி, நடுவுல அது மட்டும் பழைய மண்ணு மேட்டுல, முக்காலி மேல ஏறி நிக்கற மாதிரி நிக்குது. ஹரிதா அதைப் பாத்துட்டு ஒரே குதி. "அக்கா, உங்க நிலத்தோட உயிரு இங்கதான் ஒளிஞ்சிக்கினு இருக்கு"ன்னுது. சாணி, கோமியம், வெல்லம், பயறுமாவு எல்லாம் டிரம்முல கரைச்சி, அந்த மேட்டுலேர்ந்து ஒரு பிடி மண்ணைப் போட்டுப் புளிக்க வெச்சி நிலமெல்லாம் ஊத்தறோம். தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான்.

கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள்ளுன்னு ஒன்பது வகை கலந்து விதைச்சோம். இடுப்பு உயரம் வளந்ததும், அறுப்புக்கு விடாம வெட்டி அங்கயே போர்வை மாதிரி போட்டுடணுமாம். பூ விட்டதை வெட்ட எனக்குக் கை வரலை. "இப்ப மண்ணுக்குச் சாப்பாடு, அடுத்த வருசம் உங்களுக்கு"ன்னுது. பனியனையும் மறுபடி புதைச்சிட்டேன்.

மரத்தைப் பத்தி ஏன் கேட்டே?

தபீதாள்


சத்தியவேடு
15-9-2024

அன்புள்ள தபீதாவுக்கு,

கேட்டதால சொல்றேன். ஜேசிபிகாரன் அந்த மரத்தடிக்கும் வந்தான். உங்கம்மா கையால நட்டதாச்சேன்னு நான் மரத்தைக் கட்டிப்பிடிச்சிக்கினு நின்னுட்டேன். பைத்தியமான்னு கேட்டுட்டு வேற பக்கம் போனான். முப்பது சென்ட்டுல அந்த ஒரு மேடுதான் நான் விக்காதது. பெருமையாச் சொல்லிக்க அதுல ஒன்னும் இல்லை.

கடைசி லாரி போனப்புறம் குழியில எறங்கி நின்னேன். மரத்து வேரு காத்துல தொங்கிக்கினு இருந்துச்சி. இன்னா வித்தேன்னு அப்பத்தான் தெரிஞ்சது. லாரியைக் கூப்பிட்டேன். கேக்கலை, தூரம் போயிடுச்சி.

வாழைத்தண்டுப் பட்டை ரெண்டு மூட்டை அனுப்பியிருக்கேன்.

எர்னஸ்ட்


கார்வேட்டிநகரம்
31-8-2025

மாமாவுக்கு,

உன் போன லெட்டருக்கு ஒரு வருசமா நான் பதில் எழுதலை. கோவம் இல்லை. இன்னா எழுதறதுன்னு தெரியலை. ஆனா நீ வாரம் தவறாம மூட்டை அனுப்பினே, நானும் வாரம் தவறாம பஸ்ஸுக்கு நின்னேன். சின்னசாமி அண்ணன் இப்பெல்லாம் மூக்கைப் பொத்தறதில்லை. வீட்டுக்கு அரை கிலோ கத்திரிக்காய் போவுது இல்ல, அதான்.

ஆமா, கத்திரிக்காய்! காய்ச்சிடுச்சி மாமா! கத்திரி, வெண்டை, நாலு வகைக் கீரை, ஓரமா பூசணிக்கொடி. மண்ணைத் தோண்டினா மண்புழு நெளியுது. மொத நாள் ஒன்னைப் பாத்துட்டு, விருந்தாளி வந்த மாதிரி பக்கத்து வீட்டு சுந்தரி அக்காவைக் கூப்பிட்டுக் காமிச்சேன். "புழுவைப் பாத்து இவ்ளோ சந்தோசப்படறவ நீ ஒருத்திதான்டி"ன்னாங்க.

வெளையவெக்கக் கத்துக்கினேன், விக்கத் தெரியலை. மொத நாள் காலையில பத்து மணிக்குக் கீரையை அறுத்துக்கினு புத்தூர் மார்க்கெட்டுக்குப் போனேன். கட்டு எல்லாம் தலை தொங்கிடுச்சி. வந்தவங்ககிட்ட பேசிப்பேசி, வித்ததைவிடக் கொசுறு குடுத்ததுதான் அதிகம். பக்கத்துல கடை போட்ட ரத்தினம்மா பொறுக்க முடியாம, "ஏம்மே, வியாபாரத்துக்கு வந்தியா, அன்னதானத்துக்கு வந்தியா?"ன்னு கேட்டுச்சி. அதுதான் சொல்லிக்குடுத்துச்சி: விடியறதுக்கு முன்ன அறு, ஈரச்சாக்குல சுத்து, கொசுறுக்குக் கறிவேப்பிலை மட்டும் குடு. இப்ப நம்ப மரத்துக் கறிவேப்பிலைக்கே ஆளுங்க வர்றாங்க. வாத்தியாருங்க வீட்டுத் தெருவுல என் கூடைக்கு வாசல்ல நிக்கறாங்க.

இந்த லெட்டரோட ஒன்னு வெச்சிருக்கேன், பிரிச்சிப் பாரு. பயந்துடாதே. அது உன் பனியன். கழுத்துத் தையலு மட்டும்தான் மிச்சம். அந்த நூலு நைலானாம், மண்ணு துன்னாதாம். மத்தது எல்லாம் காலி.

யோசிக்கறேன்னு சொன்னேன் இல்ல? யோசிச்சிக்கினு இருக்கேன். அவசரப்படுத்தாதே.

நவம்பர் 23 நம்ப கோயில்ல அறுப்பின் பண்டிகை. மொத பூசணிக்காயைக் காணிக்கையா வெக்கப்போறேன். ஆராதனை முடிஞ்சி ஏலம் விடுவாங்க. யாரு வேணா வந்து கேக்கலாம். நான் யாரையும் குறிப்பாச் சொல்லலை.

தபீதாள்


சத்தியவேடு
10-11-2025

அன்புள்ள தபீதாவுக்கு,

கழுத்துத் தையலை பைபிளுக்குள்ள வெச்சிருக்கேன். தினம் எடுத்துப் பாக்கறேன். ரூம்ல இருக்கறவங்க இன்னான்னு கேட்டாங்க, சர்டிபிகேட்டுன்னேன்.

லீவு கெடைச்சிடுச்சி, வர்றேன். பயப்படாதே, வாயைத் திறக்கமாட்டேன். பாஸ்டர் ஐயா எதிர்ல நீ சொன்ன வார்த்தை என்னால கெட்டதா இருக்கக்கூடாது. ஏற்கெனவே நான் கெடுத்தது போதும்.

எர்னஸ்ட்


கார்வேட்டிநகரம்
24-11-2025

யோவ் மாமா,

நேத்து நீ பண்ண காரியத்துக்கு உன்னை இன்னா பண்றதுன்னு தெரியலை.

பதினோரு கிலோ பூசணிக்காய். ஏலம் விட்ட கிளாட்வின் அதைத் தூக்கிக் காமிச்சி, "தபீதாள் அக்கா நிலத்து மொதல் கனி"ன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. நான் பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தேன், ஆனா காதெல்லாம் பின்னாடிதான். மளிகைக்கடை ஆசிர் முந்நூறுன்னான். நீ கடைசித் தூணுக்குப் பின்னாடி நின்னு நாலு விரலைக் காட்டறே. ஆசிர் ஐந்நூறுன்றான். நீ ஆறு விரலைக் காட்டறே. கிளாட்வின் இன்னா சொன்னான்? "அண்ணே, விரலுக்கெல்லாம் ஏலம் கிடையாது, வாயைத் திறந்து கேளுங்க"ன்னான். மூணு தடவை சொன்னான். கோயிலே திரும்பி உன்னைப் பாக்குது. நீ என்னைப் பாக்கறே. வாயை மட்டும் பூட்டிக்கினு நிக்கறே!

காய் ஆசிருக்குப் போச்சி. நீ பஸ்ஸுக்குப் போயிட்டே.

ஏன்யா, நான் புதுப்புடவை கட்டிக்கினு, வெயிட்டான அந்தக் காயைத் தலையில சுமந்துக்கினு வந்தது ஆசிர் குரல் கேக்கறதுக்கா? அவன் குரலைத்தான் கடையில தினம் கேக்கறேனே!

சாயங்காலமே பாஸ்டர் ஐயாகிட்ட போனேன். "ஐயா, மூணு வருசம் முன்ன உங்க எதிர்ல ஒரு வார்த்தை சொன்னேன், அதைத் திருப்பி எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டேன். "அந்த வார்த்தையைக் கர்த்தர் அன்னிக்கே காதுல வாங்கலைம்மா, நீங்கதான் பத்திரமா வெச்சிருந்தீங்க"ன்னு சிரிக்கறாரு.

யோசிச்சி முடிச்சிட்டேன் மாமா. நீ மண்ணை வித்ததை மறக்கமாட்டேன், சாவற வரைக்கும் சொல்லிக்காட்டுவேன். அதைக் கேக்க நீ பக்கத்துல இருக்கணும் இல்ல?

கொடியில இன்னொரு பூசணிக்காய் இருக்கு. இதுக்கு ஏலம் இல்லை. வந்து கேட்டாப் போதும். வாயைத் திறந்து கேக்கணும்.

இந்த லெட்டருக்குப் பதில் எழுதாதே. எழுதினா பிரிக்கமாட்டேன்.

உன் தபீதாள்


நம்ப அடுப்பங்கரை
9-12-2025, விடியக்காலை

மாமா,

காலண்டர் தாள்ல எழுதறேன். லெட்டர் பேப்பரெல்லாம் உனக்கு எழுதியே தீந்துச்சி.

நீ தூங்கறே, எழுப்பலை. கீரை கட்டிட்டேன், மார்க்கெட்டுக்குப் போறேன். கஞ்சி மூடி வெச்சிருக்கேன், பூசணிக்காய்க் கூட்டு சட்டியில. புதுப் பனியன் ரெண்டு கொடியில தொங்குது. அதைப் போட்டுக்கோ, புதைக்கமாட்டேன்.

வந்து அஞ்சு நாளா நீ பேசற பேச்சுல எனக்குக் காது அடைச்சிப்போச்சி. மூணு வருசத்து பாக்கியை ஒரு வாரத்துல தீக்கணுமா? கறிவேப்பிலை மரத்தடியில நின்னு பேசு, அதுக்கும் உன்னைத் தெரியும்.

பத்து மணி பஸ்ஸுல வருவேன். காலிக்கூடைதான், கனம் இருக்காது, எறக்க ஆள் வேணாம். ஆனாலும் ரோட்டுலேர்ந்து ஒரு குரல் குடுப்பேன், நீயும் பதிலுக்குக் குடு. சின்னசாமி அண்ணன் கேக்கணும்.

தபீ