கடைசிப் பூச்சியின் வேகம்

இன்று மத்தியானம் லேப்டாப்பில் அந்தச் சத்தம் கேட்டது. டும்... டும்... என்று மெதுவாக ஆரம்பித்து, போகப் போக வேகம் பிடிக்கும் சத்தம். எழுந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். உன்னை உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று கிடைத்திருக்கிறது. நீயோ போன ஆடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்படியா ஒரு மனுஷன் அவசரப்படுவான்?

என் வேலை உனக்குத் தெரியும். அடுத்தவர்கள் எழுதியதில் தகவல் சரியா என்று பார்ப்பது. "எவன் தப்பு பண்றான்னு தேடறதுக்கு உனக்குச் சம்பளமா?" என்று சிரிப்பாய். இந்த முறை வந்தது பழைய வீடியோ கேம்களைப் பற்றிய கட்டுரை. முதல் பக்கத்திலேயே நம்முடைய பூச்சி கேம். வரிசை வரிசையாகப் பூச்சிகள் அந்த டும் டும் சத்தத்தோடு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கும். அடியில் இருக்கும் சின்னப் பீரங்கியால் சுட வேண்டும். ஜப்பானில் பிறந்தது, சரி. திரை கறுப்பு வெள்ளைதான், மேலே வண்ணத் தாள் ஒட்டியிருந்தார்கள், அதுவும் சரி. அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன். பூச்சிகள் குறையக் குறைய ஆட்டம் தானாகவே வேகமெடுக்கும் என்று எழுதியிருந்தது.

தானாகவே!

திருவூடல் தெரு வீடியோ கேம் கடையை நீ மறந்திருக்க மாட்டாய். காலேஜ் விட்டதும் நேராக அங்கேதான். தடித்த கண்ணாடி போட்ட கடைக்காரர், பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு பூச்சி மிச்சமிருக்கும்போது அது பேய் பிடித்த மாதிரி ஓடும். உன்னால் அடிக்கவே முடியாது. ஒரு நாள் கத்திவிட்டாய்.

"பின்னாடி ஏதோ திருகறீங்க. ஆட்டம் சீக்கிரம் முடியணும்னு ஸ்பீடை ஜாஸ்தி பண்றீங்க."

"நான் ஏம்ப்பா திருகப் போறேன்? அது அப்படித்தான் ஓடுது."

"அப்போ கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். சாமி படத்தின் கீழே இருந்த கட்டியை எடுத்து வந்து வாசலில் கொளுத்தி, சாமியாகக் கும்பிடும் மலையைப் பார்த்து நின்று, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் நம்பிவிட்டேன். நீ என் காதோரம், "அணைச்ச கையாலயே திருகுவாருடா" என்றாய்.

அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே நீ போனதில்லை. ஊடல் திருவிழாவில் சுவாமிக்கும் அம்மனுக்கும் வருஷா வருஷம் சண்டை மூட்டி, மறுநாளே சமாதானம் செய்துவைக்கிற தெரு அது. உன் சண்டை மட்டும் தீரவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி வேன் ஓட்டிய நாட்களிலும், பேரன் பிறந்த பிறகும், பேச்சு எப்படியோ அங்கே வந்து நிற்கும். "நீ அந்தாள் பக்கம்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். விளையாட்டாகத்தான் சொல்கிறாய் என்று நினைக்கப் பார்ப்பேன். ஆனாலும் வலிக்கும்.

அதனால்தான் இன்று அந்த வரியை நான் லேசில் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன், பழைய பெட்டிகள் ஓடும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு அத்தனை பூச்சிகளையும் திரையில் வரைய நேரம் பிடித்திருக்கிறது. சுடச் சுட அதற்கு வேலை கம்மியாகி, மிச்சமிருந்தவை ஓடத் தொடங்கின. செய்தவரே எதிர்பாராதது, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டாராம். ஒருவரும் எதையும் திருகவில்லையடா!

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திருவூடல் தெருவுக்கே போய்விட்டேன். கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பழைய கடைக்காரரின் மகன்தான் பார்த்துக்கொள்கிறான். அதே ஸ்டூலோ வேறோ, அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாடா," என்று சிரித்தார். "சத்தியம் பண்ணிட்டேனே தவிர, எனக்கே உள்ளுக்குள்ள சந்தேகம்தாங்க. வித்தவன் ஏதாவது வெச்சு அனுப்பிட்டானோன்னு."

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க சிநேகிதர் வந்தாரே, போன சித்திரையில" என்றார்.

"யாரு, அவனா?"

"ஆட்டோவுல வந்தாரு. இறங்க முடியல. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'கோவம் உங்க மேல இல்லீங்க. என்கூட வந்தவன் என்னை விட்டுட்டு உங்களை நம்பிட்டானேன்னுதான்'னாரு. 'அவன்கிட்ட சொல்லிடாதீங்க, ஜெயிச்சுட்டேன்னு குதிப்பான்'னும் சொன்னாரு."

வந்த வழியே திரும்பினேன். எதிரே மலை நின்றது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து அந்த வரிக்குப் பக்கத்தில் 'சரி' என்று போட்டேன். குதிக்கவில்லை. லேப்டாப்பை மூடியும் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை வந்து, "நீ அந்தாள் பக்கம்தானே" என்று கேளடா. அவர் சொன்னது நிஜம், ஆனால் நான் உன் பக்கம்தான் என்று இப்போது சொல்லிவிடுவேன்.