வெள்ளிக்கிழமைப் பையில் ஒரு சுவெட்டர்

அத்தை,

இன்று சாயங்காலம் அம்மா சமையலறை மேல்தட்டை ஒழித்தபோது, கோதுமை மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து உங்கள் கறித்தூள் பாட்டில் வந்தது. மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க நீங்கள். வறுத்த மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கருகுகிற அளவுக்கு வறுத்த கறிவேப்பிலை. அம்மா மூடியை இறுக்கினாள், முந்தானையால் பாட்டிலைத் துடைத்தாள், என் கையில் கொடுத்தாள். "அப்பா வாரதுக்குள்ள எங்கயாவது வச்சிருட்டி" என்றாள். பழைய செய்தித்தாளில் சுற்றி என் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்படியும் வாசம் அடங்கவில்லை.

உங்கள் பெயரை யாரும் சொல்லக்கூடாது, உங்களைப் பற்றி எதையும் எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். போன வாரம் சஃபாரி சூட் போட்ட ஒருவர் என் பள்ளி வாசலில் நின்று, என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டு, எந்த வகுப்பு என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு, பின்பக்க அறையில் உங்கள் கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, டார்ச்சைத் துணியால் மூடி இதை எழுதுகிறேன். பயத்தினால்தான் இதிலும் உங்கள் பெயரை எழுதவில்லை. அத்தை என்றால் எனக்கு நீங்கள் மட்டும்தான்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அந்தச் சொல் பொய்யாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் நீங்கள், உங்கள் மகன் கனடாவில். அவரிடம் போக உங்களுக்கு விசா வேண்டும், அதற்கான நேர்காணல் தில்லியில். அது வரும்வரை தங்க ஓர் இடம் வேண்டும் என்று அப்பாவின் ஆபீஸ் நண்பர் கேட்டார். அரசாங்கக் குவாட்டர்ஸில் வெளியாளைக் குடிவைத்தால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் எங்கள் கிட்வாய் நகரில் பாதி வீடுகளில் அப்படி ஒரு அண்ணன் மகனோ சித்தப்பாவோ இருப்பார். நீங்கள் மதுரையிலிருந்து வந்த அப்பாவின் தங்கை ஆனீர்கள்.

எதிர்வீட்டுக் கோமதி மாமியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நீங்கள் வாய் திறந்த மறு நிமிடமே அம்மாவைத் தனியாக இழுத்துப் போய், "மதுரைலேர்ந்து வந்தவா ஆமான்னு சொல்லாம 'ஓம்'னு சொல்லுவாளோடி? எனக்குத் தெரியாதுன்னு நீ நெனச்சிண்டிரு. நானும் அப்படியே நெனச்சிண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கால் கிலோ சர்க்கரை கடன் வாங்கிக்கொண்டு போனாராம்.

குவாட்டர்ஸ் செக்கிங் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குக் கற்றுத்தரும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். "மைங் இன்கீ பெஹன் ஹூங்." நான் இவருடைய தங்கை. நீங்கள் அதை ரசம் தாளிக்கும்போது சொன்னீர்கள், தலை வாரும்போது சொன்னீர்கள். 'பெஹன்' உங்கள் வாயில் 'பேன்' ஆகிவிடும். நான் சிரித்தால், "நீர் சிரியும். உம்மட தமிழைக் கேட்டு நான் எவ்வளவு சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறன் தெரியுமோ?" என்பீர்கள். என்னை 'நீர்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, யாராவது 'நீ' என்றால் கொஞ்சம் குறைத்துவிட்டது போல இருந்தது.

இந்தப் பொடியை நீங்கள் முதன்முதலில் வறுத்த நாள் நினைவிருக்கிறதா? மாடிவீட்டு சர்தார்ஜி இருமிக்கொண்டே பால்கனிக்கு வந்து, "பாபிஜி, மார் டாலோகீ க்யா?" என்று கத்தினார். கொன்றே போடுவீர்களா என்று கேட்கிறார் என்றேன். "இது கறித்தூள். இதுக்கே செத்தால் நான் என்ன செய்யிறது?" என்று நீங்கள் தமிழிலேயே மேலே பார்த்துச் சொன்னீர்கள். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது, அந்தப் பொடி கொஞ்சம் வேண்டுமாம்.

குளிர் தொடங்கியதும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனோம். நீங்கள் அதுவரை சுவெட்டரே போட்டதில்லை. கடைக்காரரிடம் மெரூன் சுவெட்டர் ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்துக்குள் வந்தார்கள். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் உங்கள் கை நடுங்கி, பிடித்திருந்த சுவெட்டரும் நடுங்கியது. அவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்வரை நீங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. ஹிந்தி தீர்ந்து தமிழில் விலை பேசினீர்கள். கடைக்காரர் குழம்பிப் போய் விலையைக் குறைத்தார். திரும்பும் வழியில், பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயம்தான். கை நடுங்கட்டும் பிள்ளை. வாய் கதைச்சால் காணும்" என்றீர்கள். உங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.

உங்களுக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தால் விடியற்காலையிலேயே எழுந்து நல்ல சேலையை இஸ்திரி போடுவீர்கள். "அதிகாரியளுக்கு முன்னால கசங்கிப்போய் நிக்கக் கூடாது." முத்திரை வாங்கி வந்து, அந்தத் தாளை டிரங்குப் பெட்டியில் மகனின் படத்துக்கு அடியில் வைப்பீர்கள். உங்களைக் கொண்டுபோக அவர்கள் வந்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. தேதியும் முடிந்திருக்கவில்லை.

அவர்கள் சாதாரண உடையில் வந்தார்கள். ஒருவர் கையில் ஃபைல். வீட்டில் யார் யார் என்று கேட்டார்களாம். அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே நினைப்பு, குவாட்டர்ஸ் செக்கிங். அடுப்படியில் நின்ற நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, திக்காமல் திணறாமல் சொன்னீர்களாம், "மைங் இன்கீ பெஹன் ஹூங்." அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். எங்கள் வீடு பறிபோகக்கூடாது என்று நீங்கள் சொன்ன பொய் அது. அவர்கள் வெளிநாட்டுக்காரர்களைச் சோதிக்க வந்தவர்கள், உங்கள் விவரம் ஃபைலிலேயே இருந்தது. இந்தியர் என்று பொய் சொன்ன வெளிநாட்டுக்காரி என்று எழுதிக்கொண்டார்கள். அம்மா பெட்டியைத் திறந்து தாளை எடுத்து நீட்டியபோது அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது ஜீப்பின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தீர்கள். வீட்டுச் சேலை, ரப்பர் செருப்பு. சுவெட்டர் எடுத்து வரவா என்று கத்தினேன். "வேண்டாம், பின்னேரம் வந்திடுவன்" என்றீர்கள்.

சாயங்காலம் வந்தது. நீங்கள் வரவில்லை.

அன்று இரவு அப்பா விளக்கைக்கூடப் போடவிடவில்லை. "நான் கவர்மெண்டு ஆளு. வாய தொறந்தா வேலையும் போவும், வீடும் போவும். பொறவு பிள்ளைய எங்க வச்சு வளக்க?" என்றார். இருட்டிலேயே அம்மா சொன்னாள், "அவிய நம்ம வீட்டக் காப்பாத்தணும்னுல்லா அப்படிச் சொன்னாவ." அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அரசாங்க ஊழியர் போராட்டத்துக்குப் போகக்கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். கோமதி மாமிதான் வெள்ளிக்கிழமை பஜனையில் கேட்டார், "ரூல் ஆத்துக்காராளுக்குத்தானே? நமக்கு யாரு ரூல் போட்டா?" அடுத்த வெள்ளிக்கிழமை பஜனை மாமி வீட்டில் நடக்கவில்லை. உங்களைக் கொண்டுபோன அலுவலகத்தின் வாசல் நடைபாதையில் நடந்தது. பட்டுச்சேலையும் அதன்மேல் சுவெட்டரும் காலில் சாக்ஸுமாக எங்கள் பிளாக் பெண்கள் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஹிந்தி காய்கறிக்காரரோடு முடிந்துவிடும். அதனால் பள்ளிக்கு மட்டம் போடவைத்து என்னைக் கூட்டிப் போனார்கள்.

காவலுக்கு நின்றவர் ஓடி வந்து, தர்ணாவுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்.

"தர்ணா இல்லேப்பா, பஜனை. சொல்லுடி அவன்ட்ட."

சொன்னேன். "யஹாங்?" என்றார் அவர். இங்கேயா!

"சுவாமி எல்லா எடத்துலயும் இருக்கார். இந்த ஆபீஸ்ல மட்டும் இல்லையான்னு கேளு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மாமி நீட்டிய சுண்டலை அவர் வாங்கிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் அம்மாவையும் மாமியையும் என்னையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன், தேதி இன்னும் முடியவில்லை, எந்தக் கோர்ட்டும் சொல்லாமல் எப்படிப் பிடித்து வைக்கலாம் என்று கேட்டேன். கேள்வி மாமியுடையது, ஹிந்தி மட்டும் என்னுடையது. அவர் தாளைப் பார்த்தார். "எல்லாம் சரியாக இருந்தால் அவள் ஏன் பொய் சொன்னாள்?" என்றார்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் வீடு போகும் என்பதும் தெரியும். அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு ஹிந்தி புரியாது, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. "சொல்லுட்டி. வீடு போனா போவுது" என்றாள்.

சொன்னேன். என் கை நடுங்கிற்று, அத்தை. ஆனால் சொல்லி முடித்தேன்.

அவர் கடலைத் தோலைக் கீழே போட்டுவிட்டு, வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து எழுதித் தரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். உங்களைப் பார்க்கவும் விடவில்லை. சுவெட்டரையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். அதை வாங்கிக்கொள்ள விதி இல்லை என்றார்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா சண்டை போடவில்லை, சமைத்தாள், பரிமாறினாள், அவரோடு பேசவில்லை. உங்கள் தட்டையும் எங்கள் தட்டுகளோடு வைத்தாள், ஒவ்வொரு வேளையும். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஆபீஸ் டையும் மப்ளருமாக அப்பா இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனார். நானும் பின்னால் ஓடினேன். நின்றபடியே, தன் பாதி ஹிந்தியில், "அவர் என் தங்கை இல்லை. என் வீட்டில் குடியிருந்தவர். பொய் சொல்லச் சொன்னது நான்" என்றார்.

அதிகாரி அப்பாவை எழுதச் சொன்னார். அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அதிகாரி அதை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார், "அவளை முந்தாநாளே பிளேன் ஏற்றி அனுப்பியாயிற்று."

யாரிடம் கேட்டு அனுப்பினீர்கள், அங்கே யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று கேட்டேன். எனக்கு யாரும் சொல்லித்தராத கேள்விகள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்து சொன்னதும் எல்லோரும் ஜமுக்காளத்தை மடிப்பார்கள் என்று நினைத்தேன். மாமி மடிக்கவில்லை. "இல்லாதவாளுக்காக உக்காரப்படாதுன்னு ஏதாவது ரூல் இருக்கா?" என்றார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அன்று யாரும் பாடவில்லை.

பிறகு மாமி வீட்டு போனுக்கு உங்கள் மகன் கூப்பிட்டார். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். "அம்மா கொழும்பில இறங்கினவவாம். சித்தப்பா எயர்போர்ட்டில விடியும்வரை நிண்டவர். அவ வெளியில வரேல்லை" என்றார். பிறகு, "தங்கச்சி, அவவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. சுவெட்டர் போட்டிருந்தவவோ?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

இப்போது தில்லியில் அனல் காற்று வீசுகிறது. அப்பாவுக்கு ஆபீஸில் மெமோ கொடுத்திருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வந்துவிட்டது. யமுனைக்கு அந்தப்பக்கம் ஓர் அறை பார்த்திருக்கிறோம், அதற்காகத்தான் அம்மா அலமாரித் தட்டுகளை ஒழிக்கிறாள். வெள்ளிக்கிழமைகள் நிற்கவில்லை. கூட்டம்தான் குறைந்துவிட்டது. சில வீடுகளில் கணவர்கள் தடுத்துவிட்டார்கள். பள்ளி வாசலில் அந்த மனிதர் வந்ததிலிருந்து என்னையும் போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் போகாவிட்டால் அம்மாவும் மாமியும் வாயில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. இன்று இரவு சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார், "பஸ்ஸு காலைல எத்தன மணிக்கு?"

"ஒம்பதரைக்கு" என்றாள் அம்மா.

"பிள்ளைக்குத் தொப்பி ஒண்ணு எடுத்துக்க. வெயிலு."

அம்மா துணிப்பையில் தண்ணீர் பாட்டிலையும் ஜமுக்காளத்தையும் வைத்தாள், மேலே உங்கள் மெரூன் சுவெட்டரை மடித்து வைத்தாள். இந்த வெயிலிலும் ஒவ்வொரு வாரமும் வைக்கிறாள்.

பயமாகத்தான் இருக்கிறது, அத்தை. அந்த சஃபாரி சூட்காரர் நாளை அங்கே நிற்கக்கூடும். எழுத்து இப்படிக் கோணிப் போயிருப்பதற்கு டார்ச் வெளிச்சம் காரணமில்லை. கேட்க வேண்டியதை, முன்பு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். "ஹமாரீ புவா கஹாங் ஹைங்?" எங்கள் அத்தை எங்கே? அவர் உன் அத்தை இல்லை என்று அந்த அதிகாரி சொல்வார், அப்பா எழுதிக் கொடுத்ததைக் காட்டுவார். காட்டட்டும். 'புவா' என்று வரும் இடத்தில் மட்டும் வாயில் 'அத்தை' வந்துவிடுகிறது. விடிவதற்குள் இன்னும் சில முறை சொல்லிப் பார்த்துவிடுகிறேன்.