வெள்ளிக்கிழமைத் தீர்மானம்

ஜூலை 31, 1955. ஞாயிறு. கிருஷ்ணகிரி

காலையிலிருந்து தூறல். நில மட்டம் பார்க்கும் லெவல் பெட்டிக்குள் ஈரம், துடைத்து வைத்தேன். பூசைக்குப் போகவில்லை, அக்கா முறைப்பு.

ரயில் பாதைப் படம் முடிந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் பழைய மேடு அப்படியே இருக்கிறது. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைத்தான் பிடுங்கினார்கள், மண்ணை அல்ல. இங்கிருந்து குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர். அது புது வழி. வெயிலில் நானே சங்கிலி பிடித்து அளந்தது. ஏற்றம் தாளும். ரயில் ஏறும். இல்லை என்று எவனும் சொல்ல முடியாது.

மாலை பார்லிமெண்டு மெம்பர் வீடு. இன்றே டில்லி கிளம்புகிறார். சபை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். மேஜை மேல் டம்ளர்களை அடுக்கிக் காட்டினார். மறப்பதற்குள்:

குதிரை லாடம் மாதிரி ஆசனங்கள். லாடத்தின் வாயில் சபாநாயகர். அவர் வலது கைப் பக்கம் ஆளுங்கட்சி, முன்னால் மந்திரிகள். இடது கைப் பக்கம் எதிர்க்கட்சி. நம்மவர் வலது, ரொம்பப் பின்னால்.

முதல் மணி கேள்வி. நட்சத்திரம் போட்டதற்கு வாயால் பதில், மேற்கொண்டு கேட்டு மடக்கலாம். போடாததற்குக் காகிதத்தில் பதில், அத்தோடு சரி.

பத்தில் ஒரு பங்கு ஆள் இல்லையென்றால் சபை நடக்காது. மணி அடித்து இழுத்து வருவார்கள்.

மற்றபடி எல்லாம் சர்க்கார் வேலை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணிதான் தனி மெம்பர்களுக்கு. அதற்கும் சீட்டுக் குலுக்கல். நம்மவர் பெயர் விழுந்திருக்கிறது! தீர்மானம் நம்முடையது: இந்தப் பாதைக்கு சர்க்கார் சர்வே வேண்டும்.

ஓட்டு: ஆம் என்பவர், இல்லை என்பவர், சத்தத்தை வைத்தே முடிவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் மணி, கதவைச் சாத்து, தலையை எண்ணு. நல்ல ஏற்பாடு. மெஷின் மாதிரி.

கொறடா என்று ஒருவர். கட்சிக்காரன் எந்தப் பக்கம் ஓட்டுப் போடவேண்டும் என்று உத்தரவு போடுகிற ஆள்.

"இந்தத் தீர்மானத்துக்கும் அவர் உத்தரவு வருமா ஐயா?"

"காப்பி ஆறுது பாரு தம்பி."

படம் இரண்டு காப்பி கொடுத்தேன். ஒன்று அவருக்கு. இன்னொன்று எதிர்க்கட்சியில் ரயில் விஷயமாகவே பேசுகிற ஒரு மெம்பருக்கு. தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். "நான் கையோட குடுத்தாத்தான் மரியாதை."

நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 3. புதன்

பெங்களூர் ஃபாக்டரியில் கட்டட ஓவர்சீயர் வேலை. ஆர்டர் வந்து கிடக்கிறது. பதினாறாம் தேதி சேரவேண்டும். வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். சர்வே சாங்ஷன் ஆனால் முதல் ஆள் நீதான் என்று மெம்பர் வாக்கு.

அக்கா அழுகை. மச்சான் லாரி புக்கிங் ஆபீஸ்காரர். "என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே எதிரா ரயில் விடறியே மாப்ளே! நல்லாரு."

பிளேடு, மசி, அக்காவுக்குத் தைலம். வாங்க மறக்காதே.

ஆகஸ்ட் 13. சனி

நேற்று வெள்ளி. பேசிவிட்டார்!! பேப்பரில் பெரிய எழுத்து. நான் எழுதிக் கொடுத்த ஏற்றக் கணக்கு, மாம்பழம், கல், சந்தை, எல்லாம் அவர் வாயில். பஸ் ஸ்டாண்டில் வெடி. டீக்கடை நாயுடு: "ஏமி இஞ்சினீரு, ரயிலு வச்சிந்தா, வந்துடுச்சா? டிக்கட்டு எனக்கு ஓசிதானே?" மச்சான்கூடக் கை கொடுத்தார்.

ஓட்டு என்ன ஆயிற்று? பேப்பரை மூன்று முறை புரட்டினேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகஸ்ட் 16. செவ்வாய்

மழை இல்லை. பல்வலி. பெங்களூரில் சேரவேண்டிய நாள். சவரம் செய்யவில்லை.

ஆகஸ்ட் 20. சனி

மெம்பர் பெங்களூர் வழியாக வருகிறார் என்று ஓசூரில் வரவேற்பு. நானும் போனேன். மாலை, மேளம், கன்னடத்தில் ஒரு வாழ்த்து, தெலுங்கில் ஒன்று. திரும்ப அவர் காரிலேயே ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் பக்கத்தில்.

சூளகிரி தாண்டிக் கேட்டேன். "எத்தனை ஓட்டுங்க ஐயா?"

"ஓட்டா? வாபஸ் வாங்கிட்டேனே."

ஒளிக்கவே இல்லை. மந்திரி பரிசீலிப்பதாகச் சொன்னாராம், உடனே எழுந்து சபையின் அனுமதியோடு வாபஸாம். வழக்கமே அதுதானாம்.

"ஓட்டுக்கு விட்டா கொறடா உத்தரவுப்படி நானே என் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கணும். நல்லாவா இருக்கும்?"

"எப்பத் தெரியும்?"

"சீட்டு விழுந்த அன்னிக்கே. பேச்சு ரிகார்டுல ஏறிடுச்சு தம்பி. போதாதா?"

"வாபஸ் கூடாதுன்னு யாருமே சொல்லலையா?"

"ஒருத்தர் சொன்னாலும் ஓட்டுக்கு விட்டே ஆகணும். உன் ரெண்டாவது காப்பி போயிருந்தா அந்த ஆள் சொல்லியிருப்பார். அதான் குடுக்கலை." காலடியைக் காட்டினார். "அங்கதான் கிடக்குது. எடுத்துக்கோ."

செருப்புக்குப் பக்கத்தில். நான் கட்டிய நூல், நான் போட்ட முடிச்சு.

குருபரப்பள்ளி மேடு ஜன்னலில் போயிற்று. பார்க்கவில்லை. இறங்கியிருக்கலாம். ஏன் இறங்கவில்லை?

கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூட மைதானம். நல்ல கூட்டம். ரயில் வந்துவிட்டது போலவே பேசினார்கள். வாபஸ் விஷயம் ஒருவர் வாயிலும் இல்லை. மெம்பரும் சொல்லவில்லை. கடைசியில் தலைவர் எழுந்து, "ரயில் கொண்டுவந்த நம் மெம்பருக்கு இக்கூட்டம் ஒருமனதாக நன்றி தெரிவிக்கிறது. யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" கேட்டுக்கொண்டே காகிதத்தை மடித்தார்.

எழுந்தேன். "இருக்கு. எண்ணுங்க."

சிரிப்பு. அப்புறம் சிரிப்பு இல்லை. மச்சான் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், "உக்காருடா, மானம் போகுது." தலைவர் மெம்பர் முகத்தைப் பார்க்கிறார்.

மெம்பர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அதே சிரிப்பு. "நம்ம தம்பிதான். வாபஸ் வாங்கிக்குவாரு."

"வாங்கமாட்டேன்" என்றேன்.